கொடிக்கயிறு இல்லாத 3டி படம்

சின்னப் புழக்கடையை நவீனமாக மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, துணி எங்கே காயும் என்றுதான். என்ன கல் போடுவது, என்ன புல் வைப்பது, விளக்கு மஞ்சளா வெள்ளையா என்பதெல்லாம் அப்புறம். துணி, குப்பைத் தொட்டி, துடைப்பம், பிள்ளைகளின் சேற்று ஷூ, மழைத் தண்ணீர் என்று ஐந்துக்கும் இடம் சொல்லிவிட்டால் தோட்டத்தில் பாதி முடிந்துவிட்டது. இடம் சொல்லாமல் விட்டால் மூன்றே மாதத்தில் அவை தங்களுக்கான இடத்தைத் தாங்களே பிடித்துக்கொள்ளும், அதுவும் நாம் ஆசையாக வாங்கிப் போட்ட நாற்காலியின் முதுகில்.

எங்கள் வீடு நங்கநல்லூரில். மாமா 1986இல் கட்டியது, தெற்கு பார்த்த வாசல், கீழும் மேலுமாக இரண்டு தளம். பின்னால் வடக்கில் முப்பதடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமாக ஒரு புழக்கடை. அதில் ஒரு உறைகிணறு, ஒரு தென்னை, ஒரு துவைக்கிற கல், எப்போதோ வாங்கிய மிச்சச் செங்கல் குவியல், உடைந்த சைக்கிள் ஒன்று. எங்கள் தெருவில் முக்கால்வாசித் தனிவீடுகள் பில்டரிடம் போய் அடுக்குமாடி ஆகிவிட்டன. மாமா மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதனால் இப்போது கிழக்கிலும் மேற்கிலும் மூன்று மாடிக் கட்டடங்கள் எங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை, மாமாவுக்குச் சாயங்காலம் உட்கார இடமில்லை, எனக்கு அந்தச் செங்கல் குவியலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

முதலில் தோட்டம் அமைத்துக் கொடுக்கிற ஒருவரைக் கூப்பிட்டோம். நல்ல மாதிரியான ஆள், சொன்ன நாளில் 3டி படத்தோடு வந்தார். அதில் முழுத் தரையும் பச்சை நிறத்தில் செயற்கைப் புல், ஓரமெல்லாம் வெள்ளைக் கூழாங்கல், சுவரில் சாம்பல் டைல்ஸ், மூலையில் ஒரு புத்தர் தலை, அதன் வாயருகே தண்ணீர் கொட்டுகிற சின்ன ஊற்று. சுவரோரமாக நெடுநெடுவென்று கோனோகார்ப்பஸ் மர வரிசை. கிணற்றைக் காணோம், மேலே பலகை போட்டு மூடியிருந்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நன்றாகப் பார்த்தார்.

“ஏம்ப்பா, துவைக்கிற கல்லு எங்க?”

“அதெல்லாம் எடுத்துரலாம் ஆன்ட்டி, மெஷின் இருக்கே.”

“மிதியடியும் ஷூவும் மெஷின்ல போடுவாளா? கொடி எங்க கட்றது?”

“மொட்டை மாடில கட்டிக்கலாம்.”

அத்தைக்கு முட்டி வலி. மாடிப்படி ஏறி வருஷக்கணக்காகிறது. படம் அங்கேயே முடிந்துவிட்டது. அது அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை, மீன் கழுவுவதில்லை, பெருக்குவதில்லை.

நவீனத் தோட்டம் என்றால் இப்படி வேலையையெல்லாம் துடைத்துப் போட்ட இடம் என்று எப்படி ஆயிற்று என்பது எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் அதை ஆரம்பித்தவர்கள் நேர் எதிராகத்தான் யோசித்திருக்கிறார்கள். 1940களில் கலிஃபோர்னியாவில் தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர் சின்ன வீடுகளுக்குத் தோட்டம் போட்டபோது, அந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்கினார். இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஜான் புரூக்ஸ் தோட்டத்தை வீட்டின் இன்னொரு அறையாகப் பார்த்தவர். அவருடைய ஒரு பழக்கம் எனக்கு மிகவும் உதவியது. வீட்டின் ஜன்னலுக்கு ஜன்னல், தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியை அளந்து, அதே அளவில் தோட்டத்தின் மேல் கட்டம் போட்டுக்கொள்வார். எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும். அதனால் தோட்டம் வீட்டோடு பொருந்தி நிற்கும். இதற்குக் கணினி வேண்டாம், பிள்ளையின் கணக்கு நோட்டு போதும்.

அளந்தேன். எங்கள் பின்சுவரில் தூண்கள் பத்தடிக்கு ஒன்று. முப்பதடி, அப்படியானால் மூன்று பத்தடிகள். அதைப் பாதியாக்கி ஐந்தடிக் கட்டம் போட்டால் நீளவாக்கில் ஆறு கட்டம், அகலவாக்கில் இரண்டு கட்டம், மிச்சம் இரண்டடி. அந்த இரண்டடியைக் காம்பவுண்டுச் சுவர் ஓரத்துக்கு ஒதுக்கினால் செடிப்பாத்தி. இந்தக் கணக்கு விழுந்த அன்றே பிளான் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சமையலறைக் கதவு திறக்கும் கிழக்குப் பத்தடி வேலைக்கு, நடுப் பத்தடி உட்கார, கிணறும் தென்னையும் இருக்கும் மேற்குப் பத்தடி மண்ணாகவே இருக்கட்டும்.

அடுத்து வெயில். இதை யாரும் அளப்பதில்லை, நர்சரிக்கு நேரே ஓடிவிடுகிறார்கள். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சி வெயில் நம் தலைக்குச் சற்று வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து வரும். டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் 54 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. எங்கள் வீடு கைப்பிடிச் சுவரோடு சேர்த்து இருபத்துநான்கு அடி உயரம். அந்தக் கோணத்தில் அதன் நிழல் பதினேழு, பதினெட்டு அடிக்கு விழும். புழக்கடையின் அகலமோ பன்னிரண்டு. அதாவது மழைக்காலத்தில் பெரும்பாலும் மத்தியானத்திலும் தரையில் வெயில் படாது, மே மாதத்தில் உச்சி வெயில் நேரே இறங்கும். காலை வெயிலையும் மாலை வெயிலையும் பக்கத்து மாடிகள் தின்றுவிடுகின்றன. இந்த இடத்தில் கொரியன் புல் வைத்தால் ஐப்பசி கார்த்திகையில் அழுகும், சித்திரையில் கருகும். செயற்கைப் புல்லுக்கு அழுகல் இல்லை, ஆனால் வெயில் ஏறிய பிளாஸ்டிக்கில் மே மாதம் வெறுங்காலோடு நிற்க முடியாது, அதுவும் இங்கே செருப்புப் போடாமல் ஓடுகிற பிள்ளைகள். ஆக, புல் இல்லை. வடக்கே புழக்கடை உள்ளவர்கள் தயவுசெய்து இந்த நிழலை ஒரு முறை மார்கழியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தரைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

மேஸ்திரி வந்து பார்த்தவுடனே சொன்னது, “மொத்தமா சிமெண்ட் போட்டு இறுக்கிரலாம்மா, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல.” தெரு முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒரு பொட்டு மண் தெரியாது. தெரியாமல் செய்வதில்லை, பாம்பு வரும், சேறாகும், வேலைக்காரம்மா பெருக்க முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் கணக்கையும் பாருங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் புழக்கடை முப்பத்து மூன்று சதுர மீட்டருக்குச் சற்று மேல். வருஷத்துக்கு 46,000 லிட்டருக்குக் குறையாமல் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் விழுகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி கிட்டத்தட்ட நான்கு. 2019 கோடையில் ஏரிகளெல்லாம் வறண்டு, தெருமுனையில் குடத்தோடு நின்றவர்களுக்கு நான்கு லாரி என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழுகிற எல்லாமும் நிலத்துக்குள் இறங்கிவிடாதுதான், கொஞ்சம் ஓடும், கொஞ்சம் ஆவியாகும். ஆனாலும் சிமெண்ட் போட்டால் இறங்குவது ஒன்றுமே இல்லை, எல்லாம் தெருவுக்குப் போய்த் தேங்கும்.

எனவே நடுப் பத்தடிக்கு மட்டும் கல், அதையும் சிமெண்டில் பதிக்காமல். மேல்மண்ணை ஏழு அங்குலம் எடுத்துவிட்டு, முக்கால் இஞ்ச் ஜல்லி நான்கு அங்குலம், அதன் மேல் கால் இஞ்ச் கல் சிப்ஸ் ஒரு அங்குலம், அதற்கு மேல் இரண்டு அங்குலக் கனத்தில் சாதரஹள்ளிக் கல். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருகிற சாம்பல் நிறக் கருங்கல் அது. பாலிஷ் போடாத, சொரசொரப்பான மேற்புறம் கேட்டு வாங்கினேன், மழையில் வழுக்காது. கடப்பாக் கல் இதைவிட மலிவு, ஆனால் கறுப்பு, வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை விடாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முக்கால் அங்குலம் இடைவெளி விட்டுச் சிப்ஸ் நிரப்பினோம். வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை ஒன்றரை அங்குல வாட்டம். பெருமழையில் நிலம் குடித்தது போக மிச்சம் செடிப்பாத்திக்குப் போகும், அதுவும் நிறைந்தால் மேற்கே மண்ணுக்கு.

மேஸ்திரிக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. “ஆடும்மா” என்று சொல்லிக்கொண்டே போட்டார். நன்றாகத் திமிசு போட்டு இறுக்கியதால் ஆடவில்லை. ஆனால் இடைவெளிகளில் கோரை முளைக்கும், அதை மறைக்க மாட்டேன். கிழங்கோடு பிடுங்காவிட்டால் மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் சின்னவளும் ஒரு பழைய கத்தியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள், அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. உங்கள் வீட்டில் அப்படி ஆள் இல்லையென்றால் இந்தத் தரை வேண்டாம்.

மண்ணைத் தோண்டும்போது வீடு கட்டிய காலத்துக் கருங்கற்கள் நிறைய வந்தன. பல்லாவரம் பக்கத்துப் பாறை. பல்லாவரத்துக்காரர்களே பலர் அறியாத விஷயம், இந்தப் பாறைக்கு உலகம் முழுக்க சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கல் இதே வகை என்று கண்டு, டி. எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890களில் அப்படிப் பெயர் வைத்தார். மேஸ்திரி அதை ரப்பிஷ் வண்டியில் ஏற்றப் பார்த்தார். விடவில்லை. கிணற்றைச் சுற்றி மண்ணில் நடக்க அவையே படிக்கற்கள், காசு செலவில்லை.

கிணற்றை மூடவில்லை. பிள்ளைகளுக்குப் பயந்து எல்லாரும் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிடுகிறார்கள், அப்புறம் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. நாங்கள் இரும்புக் கம்பியில் கனமான மூடி அடித்து, கீல் வைத்து, பூட்டும் போட்டோம். கம்பிக்கு அடியில் கொசுவலை. மாடித் தண்ணீர் ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. 2003இல் அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாமா போட்ட குழாய்தான், தொட்டியில் ஜல்லியும் மணலும் அடைத்துப்போய்க் கிடந்தன. அள்ளிக் கழுவிப் போட்டதோடு சரி. கிணற்றுக் கட்டையின் மேல் விளிம்பை ஓரடி அகலப்படுத்திச் சிவப்பு ஆக்ஸைடு பூசினோம், காப்பி டம்ளர் வைக்க, பூத்தொடுக்க.

இப்போது கொடிக்கயிறு. கிழக்குப் பத்தடியில், வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடி நீட்டி, பாலிகார்பனேட் தகட்டுக் கூரை. வெளிச்சம் வரும், மழை வராது. அதற்கடியில் சுவரிலிருந்து சுவருக்கு நான்கு ஸ்டீல் கம்பிகள், அத்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். துவைக்கிற கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, குழாயை மட்டும் மாற்றினோம். தென்னை எதிர்ப்பக்கம், மேற்கு மூலையில் என்பதால் மட்டை விழுந்து கூரை உடையும் பயம் இல்லை. கூரை எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்ததே தென்னைதான். வெட்டிவிடலாம் என்று என் கணவர் ஒரு தடவை சொன்னார், 2016 டிசம்பரில் வர்தா புயலில் தெருவில் அத்தனை மரம் சாய்ந்தபோது இது நின்றதை மாமா நினைவுபடுத்தினார், பேச்சு முடிந்தது. காய் பறிக்க ஆள் வருவதை மட்டும் தள்ளிப்போடுவதில்லை.

வேலைப் பகுதிக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே ஐந்தடி உயரத்தில் ஒரு ஜாலிச் சுவர், சுட்ட மண்ணில் செய்த துளைக்கற்கள். முழுச்சுவர் வைத்தால் காற்று நின்றுவிடும், துணி காயாது. ஜாலி வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. அதில் வெற்றிலைக் கொடி ஏற்றியிருக்கிறேன். நிழலும் ஈரமும் அதற்குப் பிடித்தமானவை, எங்களிடம் அவை இரண்டும்தானே நிறைய இருக்கின்றன. இந்த மாதிரிச் சின்ன இடத்தில் சுவரும் துளையும் வெளிச்சமும் என்ன செய்யும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு வீட்டுப் படங்களைப் பாருங்கள். முப்பத்து மூன்றாவது ஒழுங்கையில், 1958 தொடங்கி நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது. நம்முடைய அதே வெப்பம், அதே மழை. அங்குள்ள சில முற்றங்கள் எங்கள் புழக்கடையைவிடச் சின்னவை.

பக்கத்து மாடிகளின் பால்கனி பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் காம்பவுண்டை உயர்த்தலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு எட்டடிச் சுவர் எதையும் மறைக்காது, உள்ளே இருக்கிற நமக்குத்தான் காற்று போகும். மேலிருந்து வரும் பார்வைக்கு மறைப்பும் மேலேதான் வேண்டும். உட்காரும் இடத்தின் ஓரத்தில் ஒரு பவளமல்லி வைத்தோம். அதிக உயரம் போகாது, கிளை பரப்பும், அரைநிழலைத் தாங்கும். விடிகாலையில் பூ கொட்டுவதால் கல்தரையைத் தினம் பெருக்க வேண்டும். அத்தை சாமிக்குப் பொறுக்கிய மிச்சம்தான் துடைப்பத்துக்கு வரும்.

செடிகளில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கண்ணில் பட்டதெல்லாம் ஒவ்வொன்று என்று வாங்காமல், ஒரே செடியை வரிசையாக. இரண்டடிப் பாத்தி முழுக்கக் குட்டை நந்தியாவட்டை, அடியில் பெரணி. அது ஒன்றே இடத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. துவைக்கிற தண்ணீர் போகும் கிழக்கு மூலையில் கல்வாழை, சோப்புத் தண்ணீருக்கு அசராதது. கறிவேப்பிலை மேற்கே, கொஞ்சம் வெயில் தங்கும் இடத்தில். அதன் வேரிலிருந்து கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக் கொடுத்துக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். செம்பருத்தியை விட்டேன், இந்த நிழலில் மாவுப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். கோனோகார்ப்பஸை நினைத்தும் பார்க்கவில்லை. குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடையே போட்டுவிட்டது, கிணற்றுக்கும் குழாய்க்கும் பக்கத்தில் அந்த வேர் எதற்கு.

புத்தர் ஊற்றும் வேண்டாம் என்றோம். டெங்குக் கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான், முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். மோட்டார் ஓடுகிறவரை சரி, ஊருக்குப் போகும்போது யார் ஓட்டுவது? தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைப்பதையும் நிறுத்தினோம்.

உட்காரச் சுவரோடு சேர்த்து ஒரு திண்ணை, பதினெட்டு அங்குல உயரம், பத்தடி நீளம். நாற்காலி போட்டால் இந்த அகலத்தில் நடக்க வழி இருக்காது. விளக்கு இரண்டே இரண்டு, மஞ்சள் வெளிச்சம், ஒன்று கூரைக்கடியில், ஒன்று திண்ணைக்கடியில். மரத்துக்குக் கீழிருந்து பச்சை விளக்கு அடிப்பது ஹோட்டலுக்குச் சரி.

செலவு ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. கூரையும் கிணற்று மூடியும்தான் அதில் பெரிய பங்கு, செடிகளுக்கு ஆனது சொற்பம். முதலில் வந்தவர் கேட்டது மூன்றரை லட்சம், அதில் புல்லுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள்.

ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. மாமா சேலத்திலிருந்து ஒரு ஒட்டு மாங்கன்று கொண்டுவந்து பழைய பெயிண்ட் வாளியில் வைத்திருக்கிறார். மேற்கே மண்ணாக விட்ட இடம் அதற்குத்தான் என்பது அவர் கட்சி, அத்தையும் அதே கட்சி. தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில், வெயில் போதாத இடத்தில் மாமரம் வைத்தால் காய்க்காது என்பது என் கட்சி. கணவர் எந்தப் பக்கமும் சொல்லாமல், ஆடி போகட்டும் பார்க்கலாம் என்கிறார்.